வெள்ளணுவைக் குறைக்கும் மாத்திரை தொற்றைக் கூட்டுமா? அரிவாள் செல் குழந்தைகள் பற்றிச் சில குறிப்புகள்

"அண்ணா, இது கேன்சர் மாத்திரையாமே?"

பட்டாபிராமில் எங்கள் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஒடிசாக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். ஆறு வயது மகளுக்கு சிக்கிள் செல், அதாவது அரிவாள் செல் நோய். ஊரில் இருந்தபோதே டாக்டர் ஹைட்ராக்ஸியூரியா எழுதிக் கொடுத்து, தினமும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இங்கே வந்த பிறகு யாரோ அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து என்று சொல்லிவிட்டார்கள். கூடவே ரத்தத்தில் வெள்ளணுக்களைக் குறைக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர் பயம் நியாயமான பயம். "வெள்ளணுதானே நோயை எதிர்க்குது? அதையே குறைச்சுட்டா, காய்ச்சல் வந்தா இவ தாங்குவாளா?"

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க, டாக்டரிடம் கேளுங்க என்று சொல்லி அனுப்பினேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் கேள்வி மனசுல ஒட்டிக்கிச்சு. அதற்குப் பிறகு சில வாரங்கள் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததில் பிடிபட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நோய்

ரத்தச் சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கிற புரதம் ஹீமோகுளோபின். அதில் பீட்டா சங்கிலி என்று ஒரு பகுதி. அந்தச் சங்கிலியின் 6-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அரிவாள் செல் நோயில் அங்கே வாலின் உட்கார்ந்திருக்கிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆனால் இந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளநீளக் கம்பிகளாகிவிடும். வட்டமாக, வளைந்து கொடுக்கிற மாதிரி இருந்த அணு கதிர் அரிவாள் போல வளைந்து விறைத்துவிடும். மெல்லிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். வலி, மூச்சுத் திணறல், பக்கவாதம் எல்லாம் இந்த அடைப்பிலிருந்து வருபவை. சாதாரணச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். இந்த அணு 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். அதனால்தான் சோகை.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது, அவர் 'கடத்துபவர்' மட்டுமே. கடத்துபவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டு. மலேரியா அதிகமிருந்த பகுதிகளில் இந்த மரபணு தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

இது ஆப்பிரிக்க நோய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தியாவில் இது முதலில் பதிவானதே நம் நீலகிரியில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த அணுவைக் கண்டு எழுதினார்கள். அதே வருடம் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டறியப்பட்டது. இன்று மேற்கு ஒடிசா, சத்தீஸ்கர், விதர்பா, மத்தியப் பிரதேசம், குஜராத் என்று ஒரு பெரிய பட்டையாகவே இது பரவியிருக்கிறது.

குழந்தையைக் கொல்வது வலி அல்ல, தொற்று

வலிதான் இந்த நோயின் முகம். ஆனால் ஐந்து வயதுக்குள் குழந்தையின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் தொற்றுக்கு. ஏன் என்று புரிய மண்ணீரலைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வயிற்றின் இடது மேல்பக்கம், விலாவுக்கு அடியில் இருக்கிற சின்ன உறுப்பு மண்ணீரல். வடிகட்டி மாதிரி வேலை செய்யும். ரத்தம் அதற்குள் மெதுவாக ஓடும். சிவப்பணுக்கள் மிகக் குறுகலான பிளவுகள் வழியே நெளிந்து வெளியேற வேண்டும். கிழடான அணுக்களும் கிருமிகளும் அங்கே மாட்டிக்கொள்ளும். நிமோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் வழவழப்பான சர்க்கரை உறை போர்த்திக்கொண்டு திரிகின்றன. உடம்பின் மற்ற காவலர்களிடமிருந்து அவை சுலபமாக நழுவிவிடும். மண்ணீரல்தான் அவற்றைப் பிடிக்கிற முக்கியமான இடம்.

விறைத்த அரிவாள் அணு அந்தக் குறுகலான பிளவில் நெளிய முடியாமல் சிக்கிக்கொள்கிறது. சிக்கச் சிக்க மண்ணீரலுக்கு ரத்தம் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிறது. பல குழந்தைகளுக்கு இது முதல் வயது முடிவதற்குள்ளேயே தொடங்கிவிடும். பிறந்தவுடன் ஆகாது. கருவில் இருக்கும்போது குழந்தையிடம் இருப்பது வேறு வகை, கரு ஹீமோகுளோபின். அது ஒட்டிக்கொள்ளாது. பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தில் அரிவாள் அணு குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று 1948-லேயே ஜேனட் வாட்சன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சொன்னார். பிறந்து ஆறு மாதத்தில் கரு ஹீமோகுளோபின் வடிந்துவிடுகிறது. பாதுகாப்பும் அதோடு போகிறது.

இங்கே இன்னொரு சிக்கல். 1969-ல் ஹோவர்ட் பியர்சன் என்பவரும் குழுவினரும் இந்த நோயுள்ள குழந்தைகளை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கையால் தொட்டால் மண்ணீரல் பெரிதாகத் தெரிகிறது. ஸ்கேனிலோ அது வேலை செய்யவே இல்லை! உறுப்பு இருக்கிறது, செயல் இல்லை. இது நமக்கு முக்கியம். ஏனென்றால் இந்தியக் குழந்தைகள் பலரிடம் கரு ஹீமோகுளோபின் அளவு ஆப்பிரிக்கக் குழந்தைகளைவிட அதிகம், மண்ணீரல் சுருங்காமல் நெடுநாள் பெரிதாகவே இருக்கும். ஒடிசா நோயாளிகளிடம் இதைப் பார்த்து 1986-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். "மண்ணீரல் நல்லா பெருசா இருக்கே, அப்போ பயமில்லை" என்று முடிவுக்கு வந்துவிட முடியாது.

ஆக, தொற்று அபாயத்தின் வேர் வெள்ளணுவில் இல்லை, மண்ணீரலில் இருக்கிறது. நம் கேள்விக்கான பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது.

215 குழந்தைகள், ஒரு பழைய மருந்து

இந்த நோயின் வரலாற்றில் மிக எளிய, மிகப் பெரிய வெற்றி பென்சிலினுடையது. அமெரிக்காவில் 3 வயதுக்கு உட்பட்ட 215 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 105 பேருக்கு தினமும் இரண்டு வேளை பென்சிலின் மாத்திரை. 110 பேருக்கு அதே மாதிரி தெரிகிற, மருந்தில்லாத மாத்திரை. மருந்தில்லாத குழுவில் 13 பேருக்கு நிமோகாக்கஸ் ரத்தத் தொற்று வந்தது. மூன்று குழந்தைகள் இறந்துபோனார்கள். பென்சிலின் குழுவில் தொற்று இரண்டு பேருக்கு, இறப்பு இல்லை. வித்தியாசம் இவ்வளவு அப்பட்டமாகத் தெரிந்ததால் ஆய்வை எட்டு மாதம் முன்னதாகவே நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் பென்சிலின் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். 1986-ல் முடிவு வெளியானது.

அதிலிருந்து வந்த வழக்கம்: நோய் தெரிந்தவுடன், முடிந்தால் இரண்டு மாத வயதிலேயே பென்சிலின் தொடங்குவது. மூன்று வயது வரை 125 மி.கி. இரண்டு வேளை, அதற்குப் பிறகு 250 மி.கி. இரண்டு வேளை, ஐந்து வயது வரைக்கும். ஐந்து வயதில் நிறுத்தலாமா என்று 400 குழந்தைகளிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. முடிவு 1995-ல் வந்தது. தொடர்ந்தவர்களுக்கும் நிறுத்தியவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதனால், மண்ணீரலை அறுவை செய்து எடுத்திருந்தாலோ, முன்பே நிமோகாக்கஸ் தொற்று வந்திருந்தாலோ தவிர, ஐந்து வயதுக்குப் பிறகு பலர் நிறுத்துகிறார்கள். அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதிலே இருக்கிற கொக்கி ஒன்றுதான். குழந்தைக்கு நோய் இருக்கிறது என்று இரண்டு மாதத்திலேயே தெரிந்தால்தானே பென்சிலின் கொடுக்க முடியும்? பிறந்தவுடன் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்காத இடத்தில், முதல் அறிகுறியே உயிரைக் குடிக்கிற காய்ச்சலாக இருந்துவிடலாம்.

அடுத்து தடுப்பூசி. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் உடம்பு வெறும் சர்க்கரை உறையைக் காட்டினால் எதிர்ப்புப் பொருள் சரியாகத் தயாரிக்காது. உறையோடு ஒரு புரதத்தைக் கோத்துக் கொடுத்தால் தயாரிக்கும். நிமோகாக்கஸ் இணைப்புத் தடுப்பூசி, சுருக்கமாக பிசிவி, அப்படிப்பட்டது. இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுக்க வந்தது. தமிழ்நாட்டில் 2021 ஜூலையில். ஆறாவது வாரம், 14-ஆவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று ஊசி, அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். ஹிப் என்ற இன்னொரு உறைக் கிருமிக்கான பாதுகாப்பு பென்டாவேலன்ட் ஊசிக்குள் இருக்கிறது. அதை இந்தியாவில் 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழ்நாடும் கேரளாவும்தான். அரிவாள் செல் குழந்தைக்கு இவற்றோடு, இரண்டு வயதில் 23 வகை நிமோகாக்கஸை உள்ளடக்கிய ஊசி, ஆண்டுதோறும் ஃப்ளூ, டைஃபாய்டு, மெனிங்கோகாக்கஸ் ஊசிகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. டைஃபாய்டு ஏன் என்றால், சால்மோனெல்லா வகைக் கிருமிகள் இந்தக் குழந்தைகளின் எலும்பில் போய் உட்கார்ந்து சீழ் பிடிக்க வைக்கும்.

இப்போது அந்த மாத்திரை

ஹைட்ராக்ஸியூரியா புதுசு இல்லை. ஜெர்மனியில் 1869-லேயே தயாரிக்கப்பட்ட வேதிப்பொருள். சில ரத்தப் புற்றுநோய்களில் அணுக்கள் தாறுமாறாகப் பெருகுவதைக் கட்டுப்படுத்தப் பயன்பட்டது. 'கேன்சர் மாத்திரை' என்ற பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. அரிவாள் செல் நோயில் அதன் வேலை வேறு. எலும்பு மஜ்ஜையை லேசாக அழுத்தும்போது, உடம்பு பழைய கரு ஹீமோகுளோபினை மறுபடி தயாரிக்கத் தொடங்குகிறது. பச்சைக் குழந்தையாக இருந்தபோது காத்த அதே பொருள். அது கூடக்கூட அணு விறைப்பது குறைகிறது.

1995-ல் 299 பெரியவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் கடும் வலித் தாக்குதல்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தன. அதில் பங்கெடுத்தவர்களைப் பிற்பாடு பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் புற்றுநோய் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நம் நாட்டில் நாக்பூரில், அடிக்கடி வலி வந்த 60 குழந்தைகளிடம், கிலோவுக்கு 10 மி.கி. என்ற குறைந்த அளவிலேயே நல்ல பலன் கிடைத்ததாக 2012-ல் எழுதினார்கள்.

சரி, வெள்ளணு? குறைகிறது, உண்மைதான். ஆனால் எங்கிருந்து குறைகிறது என்று பார்க்க வேண்டும். அரிவாள் செல் நோயில் வெள்ளணு எண்ணிக்கை சாதாரண அளவைவிட ஏற்கெனவே கூடுதல். உடம்பு எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் அடுப்பு மாதிரி. இந்தக் கூடுதல் வெள்ளணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, போகிற சிவப்பணுவையும் பிடித்து நிறுத்தி அடைப்புக்குத் துணைபோகின்றன. மருந்து அதை ஓரளவு இறக்குவது பலனின் ஒரு பகுதியே. எண்ணிக்கை ரொம்ப இறங்கிவிடாமல் இருக்கத்தான் ஆரம்பத்தில் மாதம் ஒருமுறையும், அளவு நிலைப்பட்ட பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை. அளவுக்கு மீறி இறங்கினால் சில நாள் நிறுத்தி வைப்பார்கள், எண்ணிக்கை ஏறிவிடும், கொஞ்சம் குறைத்து மறுபடி தொடங்குவார்கள்.

இதெல்லாம் காரணம் சொல்வது. தொற்று நிஜமாகவே கூடியதா இல்லையா என்று எண்ணிப் பார்த்தார்களா? பார்த்தார்கள்.

'பேபி ஹக்' என்ற ஆய்வு, 2011. ஒன்பது மாதம் முதல் 18 மாதம் வரையிலான 193 குழந்தைகள், இரண்டு வருடம். மருந்து எடுத்தவர்களில் வெள்ளணு குறைவது அடிக்கடி நடந்தது. ஆனால் கடுமையான தொற்று கூடவில்லை. வலியும் கை கால் விரல் வீக்கமும் குறைந்தன.

அடுத்து உகாண்டா. மலேரியா உள்ள நாட்டில் இந்த மருந்து ஆபத்தாகிவிடுமோ என்ற சந்தேகம் அங்கே இருந்தது. கம்பாலாவில் 208 சிறு குழந்தைகளில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 2017-ல் வந்த முடிவு: மலேரியாவும் கூடவில்லை, கடுமையான தொற்றும் கூடவில்லை.

பிறகு 'ரீச்'. அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் 606 குழந்தைகள். 2019-ல் வெளியானது. மருந்துக்கு முன்பு நூறு குழந்தைகளுக்கு வருடத்துக்கு 142.5 என்ற கணக்கில் இருந்த மலேரியா அல்லாத தொற்றுகள் 90-ஆகக் குறைந்தன. மலேரியா 46.9-லிருந்து 22.9. இறப்பு 3.6-லிருந்து 1.1. ரத்தம் ஏற்றுவது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

இதில் ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'ரீச்' ஆய்வில் எல்லாக் குழந்தைகளுக்குமே மருந்து கொடுத்தார்கள். ஒப்பிட்டது அதே குழந்தைகளின் முந்தைய இரண்டு மாதத்தோடு. ஆய்வுக்குள் வந்தாலே கவனிப்பு கூடும், அதுவும் எண்ணிக்கையைக் குறைக்கும். அதனால் 'மருந்து தொற்றைப் பாதியாக்கும்' என்று பறைசாற்ற மாட்டேன். ஆனால் மூன்று ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவு. முறையாகப் பரிசோதித்துக் கொடுத்தால் இந்த மருந்து தொற்றைக் கூட்டவில்லை. பயந்து நிறுத்தினால் இழப்பதுதான் அதிகம்.

அது செய்யாதது

இன்னொரு பக்கமும் இருக்கு. 'பேபி ஹக்' ஆய்வின் முதல் நோக்கமே, சின்ன வயதிலேயே மருந்தைத் தொடங்கினால் மண்ணீரலைக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று தெளிவான பதில் கிடைக்கவில்லை. அதாவது, ஹைட்ராக்ஸியூரியா சாப்பிடும் குழந்தைக்கும் மண்ணீரல் கைவிட்டிருக்கலாம். மாத்திரை கொடுக்கிறோமே என்று பென்சிலினையோ தடுப்பூசியையோ விடக் கூடாது. மூன்றும் மூன்று வேலை.

சிறு குழந்தைக்கு அளவு பிரிப்பதும் ஒரு தொல்லை. கேப்ஸ்யூல் 500 மி.கி. 15 கிலோ குழந்தைக்கு 150 முதல் 300 மி.கி. போதும். வீட்டில் கேப்ஸ்யூலைப் பிரித்து நீரில் கரைக்கச் சொன்னால், டாக்டரோ மருந்தாளுநரோ காட்டித் தந்தபடி மட்டும் செய்ய வேண்டும். பொடியை வெறும் கையால் தொடக் கூடாது, கர்ப்பிணிகள் கிட்டேயே வரக் கூடாது. வெளிநாட்டு சிரப் 70,000 ரூபாய் என்றிருந்த நிலையில், உள்நாட்டிலேயே 405 ரூபாய்க்குக் கிடைக்க வழி செய்வதாக மத்திய அரசு 2023 நவம்பரில் அறிவித்தது. அது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வந்து சேர்ந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நம்ம பக்கத்துக்கு ஏன் இது முக்கியம்

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 17 மாநிலங்களில், பழங்குடிப் பகுதிகளில், 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது என்று இலக்கு. தமிழ்நாடும் அதில் உண்டு.

ஆனால் மக்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அம்பத்தூர் எஸ்டேட், திருமழிசை, ஆவடி சுற்றுவட்டாரத் தொழிற்கூடங்களிலும், செங்குன்றம், ஊத்துக்கோட்டை பக்கத்துச் செங்கல் சூளைகளிலும் வேலை பார்க்கிறவர்களில் பலர் பலாங்கீர், நுவாபாடா, பர்கர் போன்ற மேற்கு ஒடிசா மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள். அரிவாள் செல் அதிகமுள்ள அதே மாவட்டங்கள். சூளைக்குக் குடும்பமாக வருகிறார்கள், கைக்குழந்தையோடு. வெயில், தண்ணீர் வற்றிய உடம்பு இரண்டுமே அணு விறைப்பதைத் தூண்டும். ஊரில் போட்ட அட்டையும் மருந்துச் சீட்டும் இங்கே வரும்போது பெட்டியின் அடியில் போய்விடுகின்றன. இங்கே காய்ச்சலோடு வரும் குழந்தையைப் பார்க்கிற கிளினிக்கில் டெங்குவா, வைரஸா என்றுதான் முதலில் தோன்றும். அது இயல்பு. ஆனால் "சொந்த ஊர் எது? சிக்கிள் செல் சோதனை செஞ்சிருக்கீங்களா?" என்று கூடுதலாக இரண்டு கேள்வி கேட்க அரை நிமிடம் போதும். நோய் இருப்பது தெரிந்தால் அந்தக் காய்ச்சலுக்கான வைத்தியமே மாறிவிடும்.

இந்த நோயுள்ள குழந்தைக்கு உடம்புச் சூடு 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ, எது சீக்கிரம் போய்ச் சேர முடியுமோ அது. ரத்தப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, முடிவு வருவதற்கு முன்பே நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். நிமோகாக்கஸ் ரத்தத்தில் இறங்கிவிட்டால் காலையில் விளையாடிய குழந்தை இரவுக்குள் கைவிட்டுப் போகலாம்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர், பர்ஸில் நோயின் பெயரும் மருந்தின் அளவும் எழுதிய அட்டை, மாமா சித்தி உட்பட வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு ஆஸ்பத்திரி. நிறம் வெளுத்து வயிற்றின் இடதுபக்கம் திடீரென்று வீங்கினாலும் அதே அவசரம்தான். மண்ணீரலுக்குள் ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் தெருவிலும், வேலை செய்யும் இடத்திலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கலாம். தமிழ் சரியாகத் தெரியாமல், மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல். மாத்திரையைப் பார்த்துப் பயமுறுத்தாமல், ரத்தப் பரிசோதனை தேதி தவறாமல் போகச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் ஆட்டோவோ 108-ஓ பிடித்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது அதுதான்.